பாட்டில்ல செடி வச்சா பூமி பொழைச்சிடுமா?

வழக்கமா நான் சண்டைப் பதிவு எழுதுற ஆள் இல்லைங்க. அதுக்கெல்லாம் நம்ம வட்டாரத்துல பெரிய கைகள் இருக்காங்க. ஆனா போன வாரம் மட்டும் ஏழு பேர்கிட்ட இருந்து ஒரே படம் வந்துச்சு. ரெண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். வயித்துல ஜன்னல் மாதிரி வெட்டி, படுக்க வச்சி, கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்காங்க. உள்ள நாலு கீரைச் செடி. கீழ "குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக்கில் குளுகுளு தோட்டம், பூமித் தாயைக் காப்போம்"னு ஒரு வாசகம். அனுப்பினதுல மூணு பேர் என்னை மாதிரியே பொட்டி தட்டுறவங்க. ஒருத்தர் நம்ம சக பதிவர். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

நல்ல எண்ணம்தான், ஒத்துக்கறேன். ஆனா நல்ல எண்ணத்தோட ஒருத்தன் என்னென்ன கூத்து அடிக்கலாம்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்தக் கூத்தை அடிச்சவனே நான்தான். அதனால முதல்ல என் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்திட்டு மத்தவங்களைத் திட்ட வர்றேன்.

2022ல ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்கன்னு மானாம்பதியில இருந்து மூட்டை கட்டிக்கிட்டு சென்னைக்கு வந்தேன். வாடகை வீடு, மேல மொட்டை மாடி. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துல பொறந்தவன், கையில மண்ணு படாம இருக்க முடியுமா? உடனே ஆன்லைன்ல இருபது க்ரோ பேக் ஆர்டர் பண்ணேன். அது பத்தாதுன்னு வீட்டுக்கு வாங்கின அரிசிச் சிப்பத்தோட சாக்கையும் தொட்டியாக்கினேன். (அந்த 26 கிலோ சிப்பம் கதை தெரியும்தானே? 2022 ஜூலையில 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டாங்க. நம்மாளுங்க ஒரு கிலோவைச் சேர்த்துப் போட்டு சோலியை முடிச்சிட்டாங்க. வியாபாரின்னா வியாபாரி!) தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் வந்துச்சு. படம் புடிச்சுப் போட்டேன். "சூப்பர் தல", "இயற்கை விவசாயி"ன்னு பாராட்டு வேற. உச்சி குளிர்ந்து போச்சு.

ரெண்டு கோடை தாண்டுச்சு. க்ரோ பேக் அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. தூக்கலாம்னு ஓரத்தைப் புடிச்சா ஓரம் மட்டும் கையோட வருது. அரிசிச் சாக்கு அதுக்கும் முன்னாடியே நூல் நூலாப் பிரிஞ்சிடுச்சு. 2024ல வீடு காலி பண்ணும்போது அவ்வளவு மண்ணை என்ன பண்றதுன்னு தெரியலை. நல்ல எரு போட்ட மண்ணாச்சே, தூக்கிப் போட மனசு வருமா? குட்டியானை ஒண்ணு வாடகைக்குப் புடிச்சி, கிழிஞ்ச பையும் மண்ணுமா அள்ளிப் போட்டு, ஊருக்குக் கொண்டு போயி வீட்டுக்குப் பின்னாடி முருங்கை மரத்தடியில கொட்டிட்டு வந்துட்டேன். பெரிய சாதனை பண்ணின நெனப்பு.

அடுத்த மாசம் ஊருக்குப் போனா அம்மா தோட்டத்துல குந்தியிருக்காங்க. பக்கத்துல ஒரு முறம். முறம் நிறைய வெள்ளைச் சில்லு, பச்சை நூலு.

"இன்னாடா மண்ணு எடுத்தாந்த? கொத்துனா களைக்கொட்டுல நூலு நூலா சுத்திக்குது. கூலி குடுத்து குப்பைய ஏத்திகினு வந்தியா?"

பதிலே சொல்ல முடியலை. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பொறுக்கி முடிக்கலை. ஒவ்வொரு மழைக்கும் புதுசா மேல வருது. கீரை புடுங்கினா வேரோட ஒரு நூல் சேர்ந்து வருது. நாலு தலைமுறையா சாணியும் சாம்பலும் மட்டுமே பார்த்த மண்ணு அது. பி.இ. படிச்ச நான் ஒரே சாயங்காலத்துல அதைக் கெடுத்துட்டேன். எங்க வீட்டுக்குப் பின்னாடி மாடு கட்டுற வழக்கம் உண்டுங்கறதால அம்மாவுக்குக் கூடுதல் பயம். அது வீண் பயமும் இல்லை. 2019 அக்டோபர்ல வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில ஒரு பசுவோட வயித்துல இருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?

சரி, இப்ப பாட்டில் படத்துக்கு வருவோம்.

தோட்டத்துல திரும்பப் பயன்படுத்தக்கூடிய பிளாஸ்டிக் எது எதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. குளிர்பான பாட்டில், எண்ணெய் கேன், பெயிண்ட் பக்கெட், உடைஞ்ச குடம், பால் கவர். இது அத்தனைக்கும் ஏற்கெனவே ஒரு ஆள் காசு குடுக்கறார். டிவிஎஸ் ஃபிஃப்டியில ரெண்டு பக்கமும் மூட்டையைக் கட்டிக்கிட்டு, "பழைய இரும்பு பிளாஸ்டிக்"னு குரல் குடுத்துக்கிட்டு வர்ற காயலான் கடைக்காரர். (அந்தக் காலத்துல பேரீச்சம்பழம் குடுத்தாங்களாம். எங்க ஊர்ல வெங்காயம், பூண்டு குடுப்பாங்க.) அந்த பாட்டில் அவர் கையில போனா அரைபட்டு நூலாகி, நாளைக்கு நாம போடுற டீ-ஷர்ட்டாகவே திரும்பி வரலாம். அதை வெட்டி, பெயிண்ட் அடிச்சி, கம்பி கட்டி, ஆறு மாசம் வெயில்ல காய விட்டீங்கன்னா அவரும் எடுக்க மாட்டார். விலை இருந்த பொருளை விலை இல்லாத குப்பையா மாத்திட்டு "குப்பையைக் காப்பாத்தினேன்"னு மார்தட்டுறோம். எனக்கு எரிச்சலே இந்த இடத்துலதான்.

நிஜமான அனாதைப் பிளாஸ்டிக் எது தெரியுமா? ஷாம்பு சாஷே. சிப்ஸ் பாக்கெட். ஊறுகாய்ப் பாக்கெட். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்கா ஒட்டின காகிதம் மாதிரி ஒண்ணு. இதை யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த சாஷே விஷயத்துல நமக்கு ஒரு சொந்தக் கதையும் இருக்கு. 1970கள்ல ஷாம்புவைச் சின்னச் சின்ன பாக்கெட்டுல அடைச்சி ஏழைக்கும் எட்டுற விலையில குடுக்கலாம்னு யோசிச்ச முன்னோடிகள்ல ஒருத்தர் நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். அவரோட மகன் 1983ல சிக் ஷாம்பு மூலமா அதை ஊர் ஊராக் கொண்டு போனார். அந்த யோசனையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்க ஆயா தலைக்கு ஷாம்பு போட்டதே அந்தப் பாக்கெட்டாலதான். ஆனா போட்ட பிறகு அந்தப் பாக்கெட் எங்க போச்சு? எங்க ஊரு ஏரிக்கரையில ஒரு தரம் நடந்து பாருங்க. அந்தப் பாக்கெட்டுல நாலு கீரை வளர்த்துக் காட்டுங்களேன், உங்களுக்கு நான் கோயில் கட்டறேன். முடியாது. அப்ப நம்ம பாட்டில் வீரம் எல்லாம், அனாதை இல்லாத புள்ளையைத் தத்து எடுத்துட்டு அனாதையைத் தெருவுல விட்டுட்டு வர்ற கதைதான்.

அடுத்தது, செடியோட பக்கம் இருந்து யோசிங்க. படுக்க வச்ச ரெண்டு லிட்டர் பாட்டில்ல மண்ணு எவ்வளவு புடிக்கும்? ஒண்ணேகால் லிட்டர் புடிச்சா அதிகம். நல்லா வளர்ந்த தக்காளிச் செடி சித்திரை வெயில்ல ஒரு நாளைக்கே ஒரு லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கும். அந்தத் துக்கடா மண்ணு எங்க இருந்து குடுக்கும்? காலையில ஊத்தினது பதினோரு மணிக்குக் காலி. கண்ணாடி மாதிரி சுவரு வேற, வேருக்கு நேரா வெயிலு. மூணாவது நாள் செடி தொங்கிடும். படத்துல இருக்கறது முதல் நாள் செடி, அம்புட்டுதான்.

இன்னொரு குறிப்பு சுத்துது பாருங்க. பாட்டிலோட அடிப்பாகத்தை வெட்டிட்டு நாத்து மேல கவுத்து வச்சா "குட்டி பசுமைக்குடில்"னு. அய்யா, அது பனி கொட்டுற ஊர்க்காரன் எழுதினது! அவனுக்கு அது குளிர்காலப் போர்வை. பங்குனி மாசம் காஞ்சிபுரம் வெயில்ல நீங்க அதைக் கவுத்தா இட்லிப் பானைதான். நாத்து அவிஞ்சிடும். நான் அவிச்சிருக்கேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க.

இப்ப அம்மா என்ன பண்றாங்கன்னு சொல்றேன். அவங்க எந்தப் படமும் பார்க்கறதில்லை. பத்தாவது தாண்டலை. ஆனா வீட்டுல வர்ற ஒரு பிளாஸ்டிக் பொருளை அவங்க கையில புடிச்சிப் பார்க்கறதே தனி அழகு.

பெயிண்ட் பக்கெட்தான் அவங்களுக்கு ராஜா. வீட்டுக்கு வெள்ளையடிச்ச மிச்சம், பக்கத்துத் தெருவுல மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கினது எல்லாம் சேர்த்து பதினோரு பக்கெட் இருக்கு, எல்லாம் இருபது லிட்டர். உள்ள ஒட்டியிருக்கிற எமல்ஷனைக் கழுவவே மாட்டாங்க. ரெண்டு நாள் வெயில்ல கவுத்து வச்சிடுவாங்க, காஞ்சதும் பாம்புச் சட்டை மாதிரி ஒரே உரியா உரிஞ்சி வந்துடும். கழுவினா அந்தத் தண்ணி எங்கயாவது மண்ணுலதானே போகணும்? இதை நான் சொல்லிக் குடுக்கலைங்க. ஓட்டையை அடியில போட மாட்டாங்க, பக்கவாட்டுல அடியில இருந்து ரெண்டு விரக்கடை மேல போடுவாங்க. அடியில கொஞ்சம் தண்ணி நிக்கும், ஒரு நாள் ஊத்த மறந்தாலும் செடி தாங்கும். ஓட்டை உள்பக்கமா ஒரு ஓட்டாஞ்சில்லு சாத்தி வச்சா மண்ணு அடைக்காது. அப்புறம் செம்மண்ணு, தொழு உரம், கொஞ்சம் தேங்கா நார்த்தூள். ஒரு பக்கெட்டுக்கு ஒரே ஒரு கத்தரிச் செடிதான். "ரெண்டு வை"ன்னு நான் சொன்னா, "ஒரு தட்டுல ரெண்டு பேரு துன்னா ரெண்டு பேருக்கும் பத்தாது"ம்பாங்க. கைப்பிடி இருக்கறதால கத்திரி வெயில்ல அப்படியே தூக்கி வேப்ப மரத்தடிக்கு மாத்திடலாம். பக்கெட்டைச் சுத்தி ஒரு தென்னங்கீத்தைச் சுத்திக் கட்டிடுவாங்க. வேருக்கும் சூடு ஏறாது, பக்கெட்டுக்கும் ஆயுசு கூடும்.

பால் கவர் அவங்களுக்கு நாத்துப் பை. மேல ஓரத்துல ஒரே நேர்வெட்டு. மூலையை முழுசா வெட்டி எறியறது கிடையாது, அந்தச் சின்னத் துண்டுதான் எங்கயும் கிடைக்காம மண்ணுல போகுதுன்னு அவங்களுக்குக் கோபம். கழுவி, அடியில நாலு ஓட்டை போட்டு, பப்பாளி, அகத்தி, முருங்கை விதை போடுவாங்க. நடும்போது கவரைக் கிழிக்காம அலுங்காம உருவி எடுத்துடுவாங்க. மறுபடி கழுவி, கொடியில காயப் போட்டு, அடுத்த நாத்துக்கு. ரெண்டு மூணு தரம் ஆனதும் கட்டுக் கட்டி காயலான் கடைக்காரருக்கு. நர்சரிக்காரங்க கறுப்புப் பையோட சேர்த்து குழியில இறக்கறதை இவங்க பார்த்தா சண்டைக்கே போயிடுவாங்க.

இந்த இடத்துல ஒரு சட்டக் கொசுறு. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு இல்லையா, அந்த ஆணையில பால், எண்ணெய், மருந்து பொட்டலத்துக்கு விலக்கு குடுத்தாங்க. அரசுத் துறைங்க ஆர்டர் குடுத்து வாங்குற நாற்றங்கால் பைக்கும் விலக்கு. அதாவது மரம் நடுறதுக்குன்னு வாங்கற பையே பிளாஸ்டிக்தான், அதை உருவாம நட்டா மரத்தோட சேர்த்துக் குப்பையையும் நடுறோம். சாலையோரம் காஞ்சு நிக்கிற கன்னு எதையாவது புடுங்கிப் பாருங்க, பாதிக்கு அடியில கறுப்புப் பை இருக்கும். வேர் சுத்திச் சுத்தி அதுக்குள்ளயே செத்திருக்கும்.

பாட்டிலை அம்மா ஒதுக்கலை. ஆனா அதுல செடி வைக்க மாட்டாங்க. பாகக்கொடியில பழ ஈ வரும் தெரியுமா, பிஞ்சுலயே முட்டை வச்சி காயெல்லாம் வெம்பி விழும். அதுக்கு பாட்டில்ல ரெண்டு ஓட்டை போட்டு, உள்ள ஒரு துண்டு கருவாட்டை நனைச்சிப் போட்டு பந்தல்ல தொங்க விடுவாங்க. நாத்தம் ஊரைத் தூக்கும், ஆனா ஈயெல்லாம் அதுக்குள்ள போயிடும். கடையில பொறி வாங்கினா காசு, இது ஓசி. சீசன் முடிஞ்சதும் பாட்டில் முழுசா திரும்ப வருது. சொட்டு நீருக்கும் பாட்டில் வச்சுப் பார்த்தாங்க, மூடியில ஓட்டை போட்டு கவுத்து. எங்க மண்ணுல அந்த ஓட்டை ரெண்டே நாள்ல அடைச்சிக்குது. துணித்திரி விட்டா கொஞ்சம் பரவாயில்லை. கடைசியில உடைஞ்ச வாய் உள்ள ஒரு மண் கலயத்தை பப்பாளிக் கன்னு பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சி தண்ணி ஊத்தி மூடி வச்சிட்டாங்க. கசிஞ்சி கசிஞ்சி வேருக்குப் போகுது. பானைப் பாசனம்னு நாம புத்தகத்துல படிப்போமே, அதுதான். பிளாஸ்டிக் தோத்த இடத்துல கூச்சமில்லாம பானைக்குப் போனாங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நானா இருந்தா பாட்டிலையே இன்னும் மூணு மாசம் டீபக் பண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்.

வெங்காய வலைப்பை சீத்தாப்பழத்துக்கு முக்காடு, அணிலுக்கும் வவ்வாலுக்கும் டிமிக்கி. உடைஞ்ச குடம் கழுத்தை அறுத்தா கருவேப்பிலைக்கு ரெண்டு வருஷம். உரச் சாக்கு, அரிசிச் சாக்கு ரெண்டும் வெயில் படற இடத்துக்கு வரவே கூடாது. எருவும் சருகும் அள்ளிட்டு வர மட்டும்தான். "வெயிலுக்கு நூலாப் பூடும்"னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அதுக்குக் காரணம் தெரியும். பாலிப்ரொப்பிலீன் சூரியனோட புற ஊதாக் கதிர் பட்டா சங்கிலி சங்கிலியா அறுந்துடும். தண்ணி டேங்க்கை ஏன் கறுப்பா பண்றாங்க? கார்பன் கறுப்பு அந்தக் கதிரைத் தடுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மொட்டை மாடியில அரிசிச் சாக்குல செடி வச்சவன் நான். அவங்களுக்கு பாலிப்ரொப்பிலீன்னு வாயில வராது. யாரு இஞ்சினியர்னு நீங்களே சொல்லுங்க.

அம்மாவோட கணக்கு ரெண்டே ரெண்டு கேள்விதான். இது வந்தா கடையில வாங்குற எதை வாங்காம விடலாம்? முழுசா உள்ள போனது முழுசா வெளிய வருமா? ரெண்டுக்கும் பதில் இல்லைன்னா அந்தப் பொருள் நேரா காயலான் கடைக்கு. ஒவ்வொரு மாசமும் பக்கெட் விளிம்பைக் கட்டை விரலால அழுத்திப் பார்ப்பாங்க. கையில சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினாலோ, அழுத்தின இடம் வெளுத்துப் போய் 'டக்'னு சத்தம் குடுத்தாலோ அதுக்கு ஓய்வு. நொறுங்குறதுக்கு முன்னாடி எடுத்துடணும், அதுதான் விஷயம். நொறுங்கின பிறகு எடுக்கணும்னா முறம் வேணும், ஒரு வருஷமும் வேணும்.

எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவத்துல பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921ஆம் வருஷத்துது. குடவோலைத் தேர்தல்னு பாடப் புத்தகத்துல எல்லாரும் படிச்சது. ஆனா அதுல ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர்னு இருக்கறதை எத்தனை பேர் கவனிச்சீங்க? தோட்டத்துக்குன்னு தனி வாரியம் சார், ஏரியை விட டபுள் ஆளு! அதை விட முக்கியம், முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது. அவன் மட்டும் இல்லை, அவனோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. நான் அந்தக் காலத்துல பொறந்திருந்தா க்ரோ பேக் விவகாரத்துல எங்க சித்தப்பா, மாமா எல்லாருக்கும் சேர்த்து சீட்டு கிழிஞ்சிருக்கும். இப்பவும் கிட்டத்தட்ட அதேதான், போன பொங்கலுக்கு மாமா ஒரு கட்டு நாத்துப் பை கொண்டாந்தப்ப, "உன் மருமவன் பண்ணது பத்தாதா?"ன்னு அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க.

இப்ப எதிர்க்கேள்வி வரும், எனக்கே கேட்குது. "ஏம்பா, எப்படியும் குப்பைக்குப் போறதுதானே, ரெண்டு வருஷம் தாமதமாப் போனா நல்லதுதானே?" நல்லதுதான், முழுசாப் போனா. இந்த மல்ச்சிங் ஷீட் கதையைப் பாருங்க. எங்க பக்கம் தர்பூசணி போடுறவங்க நிறைய பேர் விரிக்கிறாங்க. களை வராது, தண்ணி மிச்சம், உண்மைதான். ஆனா மெலிசு ஷீட் அறுவடைக்கு அப்புறம் கிழிஞ்சி கிழிஞ்சி வருது, பாதி மண்ணோட உழவுல போயிடுது. இதே வேலையைப் பெரிய அளவுல பண்ணிட்டு இப்ப தலையில கை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கறது சீனா. அங்க இதுக்கு 'வெள்ளை மாசு'ன்னே பேரு. 2018ல இருந்து அந்த ஷீட் பத்து மைக்ரானுக்குக் குறையக் கூடாதுன்னு தரம் கொண்டு வந்தாங்க. காரணம் ரொம்ப சிம்பிள். மெலிசா இருந்தா திரும்ப சுருட்டி எடுக்க முடியலை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2021 டிசம்பர்ல வெளியிட்ட அறிக்கையில, உலகத்துல பயிர், கால்நடை உற்பத்தியில மட்டும் வருஷத்துக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக் பொருள் பயன்படுதுன்னு இருக்கு. அந்தக் கடலுக்கு முன்னாடி என் இருபது க்ரோ பேக் ஒரு துளிதான். ஆனா அந்தத் துளி விழுந்தது எங்கம்மா தோட்டத்துல.

இன்னொருத்தர் சொல்வார், "மண் தொட்டி வாங்குங்க"ன்னு. அண்ணாச்சி, ஒரு மண் தொட்டி விலை, அதை மூணு மாடி தூக்குற கூலி, வீடு மாறும்போது அது உடையற சத்தம், இதெல்லாம் சொந்த வீட்டுக்காரங்களுக்குக் கேட்காது. வாடகை வீட்டுக்காரனுக்கு பக்கெட்தான் தெய்வம். க்ரோ பேக்கையும் நான் மொத்தமா ஒழிக்கச் சொல்லலை. 2013ல தோட்டக்கலைத் துறை சென்னையிலயும் கோவையிலயும் மாடித் தோட்டத் தளைன்னு மானியத்துல குடுக்க ஆரம்பிச்சாங்க. பை, நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து. எத்தனையோ பேர் முதல் கத்தரிக்காயைப் பார்த்ததே அதுலதான். வாங்கினவங்க பை நொறுங்குறதுக்கு முன்னாடி மண்ணைக் கொட்டி பையை எடுத்துடுங்க, அவ்வளவுதான் கேட்கறேன். ஆனா வீட்டுல ஆறு பக்கெட் சும்மா கெடக்கும்போது "இயற்கைத் தோட்டம்" போடறேன்னு புதுசா இருபது பிளாஸ்டிக் பை வாங்கறது இருக்கே... என்னை மாதிரி ஆளுங்கதான் செய்வாங்க.

சிக்கனத்துலயும் சில பொருளைத் தொடவே கூடாது. பூச்சி மருந்து டப்பா, கேன். எங்க பக்கம் அதைக் கழுவிட்டு தண்ணி மொள்ள, விதை போட்டு வைக்க எடுக்கறதை நானே பார்த்திருக்கேன். லேபிள்ல சிவப்பு முக்கோணமோ பச்சையோ, எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. மூணு தரம் அலசி, அந்தத் தண்ணியையும் தெளிப்பானுக்குள்ளயே ஊத்திட்டு, டப்பாவை யாரும் எடுக்காத மாதிரி ஓட்டை போட்டுடணும். மீன் மார்க்கெட்ல கிடைக்குதேன்னு தெர்மாகோல் பெட்டியில கீரை வைக்கிறவங்களே, அது உதிர்ந்தா மணி மணியா காத்துல பறக்கும், முறம் கூட உதவாது. ஆஸ்பத்திரிக் குப்பையில இருந்து குளுக்கோஸ் பாட்டில் எடுக்கவே எடுக்காதீங்க. இருபது லிட்டர் தண்ணி கேனை அறுக்காதீங்க, அது உங்களுது இல்லை, டெபாசிட் கட்டினது. அப்புறம் சாயங்காலம் சருகோட சேர்த்து பிளாஸ்டிக்கையும் கொளுத்துற ஊர்ப் பழக்கம்... பழைய பைப்பு, ஒயர் மேல் உறை எல்லாம் பிவிசி. எரிச்சா அமிலப் புகையும் டையாக்சினும் வரும். அந்தச் சாம்பலை எடுத்துக் கத்தரிக்குப் போடாதீங்க.

கடைசியா கம்பெனிகளைப் பத்தி. விக்கிறவன்தான் திரும்ப வாங்கிக்கணும்னு 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதியிலயே இருக்கு. 2022 பிப்ரவரியில அதுக்கு விவரமா வழிமுறை கொண்டு வந்து, கெட்டிப் பிளாஸ்டிக், மெலிசு, பல அடுக்குன்னு பிரிச்சி, எவ்வளவு திரும்ப எடுக்கணும்னு இலக்கும் வச்சாச்சு. மெலிசு கவருக்கு வழி இல்லாமலும் இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன் அதைத் தாரோட கலந்து ரோடு போட்டுக் காட்டினார், 2018ல பத்மஸ்ரீயும் வாங்கினார். ஆனா அந்தக் கவர் ரோட்டுக்குப் போகணும்னா யாராவது எங்க ஊர் வரைக்கும் வந்து எடுக்கணும்ல? பாட்டில்ல கீரை வளர்க்கிற படத்தைப் பரப்பும்போது நாம என்ன பண்றோம்? "நீங்க கவலைப்படாதீங்க முதலாளி, நாங்க தொட்டி பண்ணிக்கறோம்"னு அவங்க வேலையை நம்ம தலையில எடுத்துக்கறோம். அதுவும் ஓசி விளம்பரத்தோட, பாட்டில்ல கம்பெனி பேர் பளிச்சுன்னு தெரியுது பாருங்க அந்தப் படத்துல!

இதை நான் எழுதிக்கிட்டு இருக்கும்போது அம்மா போன் பண்ணாங்க. நாலு வருஷம் உழைச்ச ரெண்டு பக்கெட்டுல பொடி தட்ட ஆரம்பிச்சிடுச்சாம். கத்தரியைத் தரைக்கு மாத்திட்டு, பக்கெட்டைக் கழுவிக் கவுத்து வச்சாச்சு. காயலான் கடைக்காரர் ரெண்டுக்கும் சேர்த்து அரைக் கிலோ பூண்டு தர்றேன்னாராம், அம்மா முக்கால் கேட்டு நிக்கறாங்க. வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போறேன். முருங்கை மரத்தடியில மேற்கு ஓரம் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கு, மழைக்கு முன்னாடி.

டிஸ்கி: அந்த சக பதிவருக்கு, உங்க பாட்டில் கீரை இப்ப எப்படி இருக்குன்னு இன்னைக்குத் தேதியில ஒரு படம் புடிச்சுப் போடுங்களேன். செழிப்பா இருந்தா இந்தப் பதிவை வாபஸ் வாங்கிக்கறேன், கூடவே ஒரு பெயிண்ட் பக்கெட்டும் பரிசா அனுப்பறேன்.